கேள்வி மட்டும் எழுதியவள்

எங்கள் வகுப்பு வலைப்பூவில் அவள் எழுதிய பதிவு ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் பின்னூட்டம். அதுவும், கடைசி ஒன்றைத் தவிர, ஒரு வரி, அந்த ஒரு வரியும் கேள்வி. 'அருமை' என்றோ 'சூப்பர்' என்றோ அவள் ஒருநாளும் எழுதியதில்லை. பூங்கொத்துப் படம், கைகூப்புப் படம் எதுவும் போட்டதில்லை. யார் என்ன பதிவு போட்டாலும் அடியில் வந்து ஒரு கேள்வியை வைத்துவிட்டுப் போய்விடுவாள். பதில் வந்ததா என்று திரும்பி வந்து நச்சரிக்கவும் மாட்டாள். அதுதான் கூடுதல் எரிச்சல். சண்டை போடலாம் என்று காத்திருந்தால் ஆளைக் காணாது.

வகுப்பில் அவளுக்கு வக்கீலம்மா என்று பேர் வைத்திருந்தார்கள். வைத்தவர்களில் நானும் உண்டு.

பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழில் பி.ஏ. படிக்க முடிகிற ஒரு கல்லூரி அது. வகுப்பில் பாதிப் பேர் என்னைப் போலச் சுற்றுவட்டாரத் தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளைகள். மீதிப் பேர் இடுக்கி மலையில் தேயிலைத் தோட்டத்திலும் ஏலத்தோட்டத்திலும் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். இரண்டு கூட்டமும் பேசுவது தமிழ்தான் என்றாலும் முதல் மாதம் முழுக்க ஒருவர் பேச்சைக் கேட்டு இன்னொருவர் சிரிப்பதிலேயே போனது. நாங்கள் எங்கள் வீட்டை 'என்ற ஊடு' என்றால் அவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் 'ஏட்டி, இங்கன வா' என்றால் நாங்கள் சிரிப்போம். பஸ்ஸை நம்பிப் படிக்க முடியாத ஊர் எங்களுடையது என்பதால் அப்பா என்னை விடுதியில் சேர்த்துவிட்டார். என் அறையில் அடுத்த கட்டில் அவளுக்கு. சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்திலிருந்து வந்தவள்.

ஒல்லியான உடம்பு. எண்ணெய் வழியப் பின்னிய சடை. லீவுக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும், அம்மாவோடு ஏலக்காய் எடுக்கப் போயிருப்பாள். அந்தக் கறை போனில் படக்கூடாது என்று மோதிர விரலின் பின்புறத்தால் திரையைத் தள்ளித் தள்ளிப் படிப்பாள். கறை போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. படிக்கும்போது கழுத்துச் சங்கிலியில் இருக்கும் சின்னச் சிலுவையை, அவள் வார்த்தையில் குருசை, உதட்டில் கவ்விக்கொள்வாள். குருசு உதட்டிலிருந்து கீழே விழுந்தால் கேள்வி தயார் என்று அர்த்தம். விடுதியில் நாங்கள் அதைப் பார்த்து, "இன்னிக்கு ஆரு தலைடீ?" என்று கேட்போம்.

வலைப்பூ எங்கள் டீச்சரின் ஏற்பாடு. எழுத எழுதத்தான் யோசனை வரும் என்பது அவர் கட்சி. பரீட்சைத் தாளில் எழுதுவது அவர் ஒருவருக்காக, வலைப்பூவில் எழுதுவது நாலு பேர் படிக்க, நாலு பேர் படிக்கிறார்கள் என்றால் கை கொஞ்சம் யோசித்துத்தான் எழுதும் என்று முதல் நாளே சொன்னார். இன்டர்னல் மார்க்கில் பாதி பதிவுக்கு, பாதி பின்னூட்டத்துக்கு. மார்க் என்றதும் எல்லோரும் எழுத்தாளர் ஆகிவிட்டோம். தாய்மை, நட்பு, மழை, விவசாயம், தமிழின் தொன்மை. பழைய கட்டுரை நோட்டில் இருந்ததெல்லாம் வலைப்பூவுக்குக் குடிவந்தது. ஒருவர் பதிவுக்கு இன்னொருவர் 'அருமை' போடுவது, அவர் திரும்ப வந்து நமக்கு 'அருமை' போடுவது. மொய் எழுதுகிற மாதிரிதான்.

தாய்மை பற்றி எழுதியவன் எங்கள் பக்கத்துப் பையன். தன் பசி பாராமல் பிள்ளைக்கு ஊட்டுபவளே தாய் என்று உருக உருக எழுதியிருந்தான். அடியில் இவள் கேட்டாள்: 'உங்க அம்மா கடைசியா என்னைக்குப் பசியோட இருந்தாங்க?'

அவன் வகுப்பில் குதித்தான். அம்மாவைப் பற்றிக் கேட்க இவள் யார் என்று கத்தினான். ஆனால் சனிக்கிழமை வீட்டுக்குப் போனவன் கேட்டிருக்கிறான். அவன் அம்மா சொன்னதை அப்படியே அடுத்த பதிவாகப் போட்டான்: "நா எதுக்குடா பட்டினி கெடக்கோணும்? உங்களுக்குப் போடறதுக்கு முன்னாலயே நின்னவாக்குல தின்னுட்டுத்தான் வருவேன்." பிறகு அந்த அம்மா கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் உண்மையாகவே பசியோடு கிடந்த கதையைச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு எடுத்த முடிவாம், இனி அடுப்படியிலேயே தின்றுவிடுவது என்று. அந்தப் பதிவைப் படித்துச் சிரிக்காதவர்கள் இல்லை, கொஞ்சம் கண் கலங்காதவர்களும் இல்லை. அவன் அதுவரை எழுதிய எதையும் யாரும் முழுதாகப் படித்ததே கிடையாது.

அடுத்து என் முறை. 'மண்ணோடு மண்ணாக' என்று தலைப்பு வைத்து எங்கள் தோட்டத்தைப் பற்றி எழுதினேன். மண் வாசனை, வியர்வை, நாட்டின் முதுகெலும்பு எல்லாம் குறைவில்லாமல் இருந்தது. படித்துவிட்டு அவள் எழுதினாள்: 'உங்க தோட்டத்துல வேலை செய்றவங்க பேரு என்ன?'

எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அடுத்த கட்டிலில் படுத்துக்கொண்டு, நான் கொண்டுவந்த முறுக்கையும் தின்றுகொண்டு, ஊரறியக் கேட்கிறாளே என்று ஆத்திரம். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கண்டுகொண்ட மாதிரியே தெரியவில்லை. காலையில் எனக்கும் சேர்த்து வெந்நீர் பிடித்து வைத்துவிட்டுப் போவாள்.

ஆனால் கேள்வி விடவில்லை. ஊருக்குப் போன அன்று மோட்டார் ரூம் பக்கம் நின்று பார்த்தேன். அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வேலை சொல்லிக்கொண்டிருந்தார். தேங்காய் உரித்தவர்கள் எல்லாம் கஞ்சிக்கோட்டிலிருந்து ஆள் பிடித்துக் கொடுப்பவர் அனுப்பிய வடநாட்டுக்காரர்கள். வருடக் கணக்கில் வருகிறவர்கள். எல்லோரையும் 'பாய்' என்று கூப்பிடுவோம். ஒருவர் பேரும் எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. போய்க் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அதை எழுதினேன். என் வாழ்க்கையில் நான் நிசமாக எழுதிய முதல் பக்கம் அது. சித்தப்பா மகன் அதை அப்பாவிடம் படித்துக் காட்டிவிட்டான். "ஊட்டு விசயத்த எதுக்கு அம்மிணி ஊரறிய எழுதறே?" என்று அப்பா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, வருத்தமாகக் கேட்டார். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் எழுதியதை எடுக்கவில்லை.

அன்று இரவு விடுதிக்குத் திரும்பியதும் நானே பேச்சை எடுத்தேன். அப்படி முகத்தில் அடித்த மாதிரி ஏன் கேட்கிறாய் என்றேன். அவளுக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது.

"நீ எழுதுனது நல்லாத்தான் இருந்துச்சு பிள்ள. நெசமான்னு தெரியணும்னுதான் கேட்டேன்" என்றாள். "தெரிஞ்சுக்கிட கேக்கேன். கொற சொல்லக் கேக்கல."

அதுதான் அவள். குறை கண்டுபிடிக்கிற குணம் அவளிடம் இருந்ததே இல்லை. எதையாவது படித்தால் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டு சுற்றிப் பார்ப்பாள். பார்த்தது போதவில்லை என்றால் கேட்பாள். கடைக்காரரிடம், பஸ் கண்டக்டரிடம், விடுதி வார்டனிடம் எல்லாம் கேட்பாள். வகுப்பிலேயே மரியாதை அதிகம் உள்ளவள் அவள்தான், கேள்வி கேட்கும்போது மட்டும் அந்த மரியாதையை யாரும் கவனிக்கமாட்டார்கள்.

டீச்சரையும் விடவில்லை. இன்றைய மாணவர்களிடம் வாசிப்புப் பழக்கம் இல்லை என்று டீச்சர் ஒரு பதிவு போட்டார். 'நீங்க கடைசியா முழுசாப் படிச்ச புத்தகம் எது டீச்சர்?' என்று இவள் கேட்டுவிட்டாள். மறுநாள் டீச்சர் வந்தார், வருகை எடுத்தார், பாடம் நடத்தினார், போய்விட்டார். தொலைந்தாள் என்று நினைத்தோம். இரண்டு நாள் கழித்து டீச்சர் ஒரு பதிவு போட்டார். வேலைக்கு வந்த பிறகு விடைத்தாளும் மகனின் பள்ளிக்கூடப் புத்தகமும் தவிர எதையும் முழுதாகப் படிக்கவில்லை என்று, மழுப்பாமல், எழுதியிருந்தார். அந்தப் பதிவுக்கு நாங்கள் யாரும் 'அருமை' போடவில்லை. போட வெட்கமாக இருந்தது. வேறு ஆசிரியராக இருந்தால் இன்டர்னல் மார்க்கில் கை வைத்திருப்பார்.

மார்க் இவளுக்கு எப்படியும் போய்க்கொண்டுதான் இருந்தது. பதிவே எழுதாதவளுக்கு எப்படிப் போடுவது? டீச்சர் கெஞ்சிப் பார்த்தார். மாடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது நானும் கேட்டேன். ஊரையெல்லாம் கேட்கிறாயே, நீ ஒன்று எழுதினால் என்ன என்றேன்.

"எனக்கு எதுவும் முழுசாத் தெரியல பிள்ள. தெரிஞ்சப்பெறகு எழுதுதேன்" என்றாள்.

எப்போது தெரியும் என்று கேட்டேன். பி.ஏ. முடிக்க வேண்டும், பி.எட். முடிக்க வேண்டும், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக வேண்டும், அதற்குள் கொஞ்சமாவது தெரிந்திருக்கும் என்று துணியை அலசிக்கொண்டே வரிசையாகச் சொன்னாள். சின்ன வயதில் கோயிலில் மறைக்கல்வி வகுப்பில் அவளை முட்டி போட வைத்தார்களாம். செத்துப் புதைத்த ஒருவரை ஆண்டவர் எழுப்பினாரே, அவர் மறுபடி எப்போது செத்தார் என்று கேட்டதற்காக. தன் வகுப்பில் அந்த மாதிரிக் கேட்கிற பிள்ளையை முன் பெஞ்சில் உட்கார வைப்பேன் என்றாள். எனக்கு அப்போது பி.எட். படிக்கிற எண்ணமே கிடையாது. டிகிரி முடித்தால் கல்யாணம் என்று வீட்டில் பேச்சு, நானும் சரி என்றிருந்தேன். அவள் சொல்லச் சொல்லத்தான் எனக்கும் அந்த ஆசை ஒட்டிக்கொண்டது.

இரண்டாம் வருடப் பரீட்சை முடிந்து அவள் ஊருக்கு நானும் போனேன். உடுமலைப்பேட்டை, மறையூர், மூணாறு என்று பஸ் மாறி, பூப்பாறையிலிருந்து ஜீப். வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகள். அவள் வீட்டுக்கு முன்னறை ஒன்று, அடுப்படி ஒன்று. சுவரில் மாதா படத்துக்குக் கீழே அவள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பைகள். அப்பா இல்லை, அவள் சின்னவளாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அண்ணன் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை, ஓர் அறையில் ஐந்தாறு பேரோடு தங்கியிருந்தான். அம்மா மட்டும் தோட்டத்தில். அந்த அம்மா கப்பக்கிழங்கும் மீன் குழம்பும் வைத்து, நான் சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மகள் டீச்சராகப் போகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் என்னைச் சாட்சிக்கு வைத்துச் சொன்னார்.

அந்த வீடு யாருடையது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வீடு தோட்டத்துக்குச் சொந்தம். குடும்பத்தில் ஒருவர் பேராவது செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வேலையாள் பதிவில், இருக்கிறவரைக்கும் குடியிருக்கலாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அந்த அம்மாவுக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து இருக்கிற வீடு, சொந்த ஊர் என்று சொல்லித் திரும்பிப் போகத் தமிழ்நாட்டில் ஒரு சுவரும் இல்லை. அண்ணன் மலைக்குத் திரும்பமாட்டேன் என்று சொல்லிவிட்டான். இதையெல்லாம் அவள் என்னிடம் விடுதியில் சொன்னதே இல்லை. நான் கேட்டதும் இல்லை. எப்படியாவது டிகிரி முடிகிறவரை அம்மாவின் வேலை தாங்கும் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் வருடம் ஓண லீவுக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

போன் அடித்தால் எடுக்கவில்லை. அவர்கள் லைனில் ரேஞ்ச் கிடையாது. மேலே ரோட்டு வளைவில் சிலுவை நட்ட குருசடிக்கு நடந்து வந்தால்தான் போன் வேலை செய்யும். இரண்டாம் வாரம், ஒரு திங்கட்கிழமை காலை, வலைப்பூவில் அவள் பேரில் ஒரு பதிவு வந்திருந்தது. அவளுடைய முதல் பதிவு. எல்லோரும் ஓடிப்போய்த் திறந்தோம். தலைப்பு 'முதல் ஓலை'. கீழே இவ்வளவுதான்: இன்ன தோட்டத்தைச் சேர்ந்த இன்னாரின் மகனுக்கும், அதே தோட்டத்தைச் சேர்ந்த இன்னாரின் மகளுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். மகள் பேர் இருந்த இடத்தில் அவள் பேர்.

பின்னூட்டம் குவிந்தது. வாழ்த்துகள், வாழ்த்துகள், பூங்கொத்து, கேக். தாய்மை எழுதிய பையன் பிரியாணி உண்டா என்று கேட்டான். டீச்சர்கூட வாழ்த்துச் சொல்லி, பரீட்சைக்கு மட்டும் எப்படியாவது வந்துவிடு என்று எழுதியிருந்தார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஓலை என்றால் என்னவென்று தெரியாது. கல்யாணப் பத்திரிகைக்கு அவர்களுடைய பேர் அது என்று நினைத்துக்கொண்டார்கள்.

எனக்கும் தெரியாதுதான். ஆனால் அவளோடு இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்தவளுக்கு அது பத்திரிகை மாதிரிப் படவில்லை. தேதி இல்லை, மண்டபம் இல்லை, வாருங்கள் என்று ஒரு சொல் இல்லை. விடுதியில் இருந்த இன்னொரு மலைக்காரப் பெண்ணிடம் கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பங்குச் சாமியார் இப்படிப் படிப்பார், அதற்கு ஓலை என்று பேர் என்றாள். யாராவது எழுந்து தடை சொல்வார்களா என்று கேட்டேன். "யாரு சொல்லுவா? சும்மா படிக்கதுதான்" என்றாள். குழந்தையிலிருந்து கேட்டுக் கேட்டுக் காதுக்குப் பழகிப் போன வாசகம். ஆமென் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

நான் அதை மறுபடி படித்தேன். அவள் எங்களிடம்தான் கேட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கோயிலில் யாரும் பதில் சொல்லமாட்டார்கள் என்று தெரிந்து, யோசிக்கப் பழகிய இந்த ஒரு கூட்டத்தின் முன்னால் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். வாழ்த்துகளுக்கெல்லாம் கீழே எழுதினேன்: 'எதெல்லாம் தடைன்னு சொல்லு.'

பதில் அடுத்த திங்கட்கிழமை வந்தது. இரண்டாம் ஓலை படித்த மறுநாள்.

'ஃபாதர்ட்ட கேட்டேன். ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தா தடை. ரத்த உறவா இருந்தா தடை. வயசு பத்தலைன்னா தடை. கட்டாயப்படுத்துனா தடை, என்னைய யாரும் கட்டாயப்படுத்தல. படிப்பு தடை இல்லயாம்.'

வகுப்பில் அதை டீச்சர் படித்தார். அவள் அம்மா குருசடிக்கு வந்த நேரம் பார்த்து அன்றைக்கே போனில் பிடித்தோம். பக்கத்தில் நான் நின்றேன். விடுதிக் கட்டணம் தள்ளுபடி ஆக்கித் தருகிறேன், இன்னும் சில மாதம்தான், பிறகு கல்யாணம் வைத்துக்கொள்ளுங்கள் என்று டீச்சர் பொறுமையாகச் சொன்னார். அந்த அம்மா குறுக்கே பேசவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"எனக்கு வர்ற மாசம் வேலை முடியுது டீச்சர். மாப்பிள்ளைக்கு இந்தத் தோட்டத்துலதான் வேலை, இந்த வீட்டை அவர் பேருக்கு மாத்திக் குடுப்பாக. இவ படிச்சு முடிக்கிற வரைக்கும் நாங்க எங்கன இருக்கன்னு மட்டும் சொல்லுங்க."

எங்கள் தோப்பில் இரண்டு மோட்டார் ரூம் சும்மா கிடந்தது என்னவோ உண்மை. தாயையும் மகளையும் அங்கே தங்க வைக்கலாமா என்று வீட்டில் கேட்டேன். அப்பா முடியாது என்று சொல்லவில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற நேரத்தில் நாம் போய் நடுவில் நிற்பது முறையா என்று கேட்டார். ஒரு குடும்பத்தின் ஓய்வுகாலத்தையே மோட்டார் ரூமில் வைத்து நடத்திவிட முடியுமா என்று எனக்கும் தெரியவில்லை. மூன்றாம் ஓலையும் படித்தாகிவிட்டது.

கல்யாணத்துக்கு டீச்சரும் நானும் போனோம். மழை தூறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை மருந்தடிப்பு வேலை பார்க்கிறவர், குடிக்கமாட்டார், கூச்ச சுபாவம். கோயிலுக்கு ஏறும்போது தன் கோட் நனைவதைப் பார்க்காமல் மாமியாருக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தார். அவரை வெறுக்கலாம் என்று தயாராகப் போன எனக்கு அதற்கும் வழியில்லை. சாமியார் சம்மதமா என்று கேட்டபோது அவள் சத்தமாகச் சம்மதம் என்றாள். பின் வரிசையில் நின்ற எனக்கே நன்றாகக் கேட்டது.

அதற்குப் பிறகும் நான் போய்க்கொண்டிருந்தேன். முதல் தடவை போனபோது பரீட்சை எப்படி என்று கேட்டாள், எந்தக் கேள்விக்கு என்ன எழுதினாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அடுத்த தடவை எல்லோரும் நலமா என்று மட்டும் கேட்டாள். அதற்கடுத்த தடவை அவளும் காய் எடுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தாள். கழுத்தில் தாலி வந்த பிறகு அந்தக் குருசுச் சங்கிலியைக் கழற்றி வைத்திருந்தாள். வலைப்பூவைப் பற்றி நான் எடுத்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். மாமியார் மருமகன் சண்டை அந்த வீட்டில் இல்லை, குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. எனக்குத்தான் திரும்பி வரும் வழியெல்லாம் அவள் கேட்காமல் விட்ட கேள்விகளே மனதில் ஓடும்.

இந்த வருடம் நான் பாலக்காட்டில் பி.எட். சேர்ந்தேன். வகுப்பு வலைப்பூ மாணவர் சிந்தனையை எப்படி வளர்க்கிறது என்று கருத்தரங்கு வைத்தார்கள். ஒருவர் மொழித்திறன் என்றார், ஒருவர் தன்னம்பிக்கை என்றார். நான் எழுந்து, எழுதுவதால் யோசனை வருவதில்லை, எழுதியதை ஒருத்தி படிப்பாள், இப்படிக் கேட்பாள் என்று தெரிந்து எழுதும்போதுதான் வருகிறது என்றேன். இன்றைக்கும் ஒரு வரி எழுதினால் அவள் என்ன கேட்பாள் என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன். அதையும் சொன்னேன். கைதட்டினார்கள். யாருக்குத் தட்டினார்களோ அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று அந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறினேன்.

அவள் இடுப்பில் பெண் குழந்தை இருந்தது. பறித்த கை கழுவாமலே எனக்குப் பால் விடாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள். நான் கருத்தரங்கில் பேசியதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே குழந்தைக்கு மூக்குத் துடைத்தாள். நான் முடித்ததும், நன்றாகப் படி என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. வேண்டுமென்றே சில இடங்களில் ஊதிப் பெருக்கிச் சொல்லியிருந்தேன், அவள் பிடிப்பாள் என்று. பிடிக்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் இல்லை, கண்ணில் அது தெரிந்தது.

ஜீப் வரும் இடம்வரை கூட வந்தாள். ஜீப் வளைவில் தெரிந்த பிறகுதான் சொன்னாள்.

"ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாத பிள்ள. இனி நீ இங்கன வராத."

வீட்டுக்காரர் ஏதாவது சொன்னாரா, அம்மாவுக்குப் பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"அவுக யாரும் ஒண்ணும் சொல்லல. நீ வந்துட்டுப் போனா எனக்கு யோசனை வருது. காய் எடுக்கையில வருது, பிள்ளைக்குப் பால் குடுக்கையில வருது. அது அடங்க ரொம்ப நாளாகுது. இப்பத்தான் அடங்கி ஒரு மாதிரி இருக்கேன்." குழந்தையை மாற்றி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "உன்னையப் பிடிக்காம இல்ல. உன்னையத்தான் பிடிக்கும்."

சரி என்றேன். வேறென்ன சொல்வது? ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகு, குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டினாள்.

மூணாறில் உடுமலை பஸ் கிடைத்தது. மறையூர் தாண்டியும் என்னால் அழுகையை நிறுத்த முடியவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த அம்மா வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தார்.

"ஆரு கண்ணு தவறிட்டாங்க?" என்று கேட்டார்.

"ஆரும் இல்லீங்க" என்றேன்.

அவர் நம்பவில்லை. சின்னார் வரை என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார்.